பிறை பார்த்த கண்

…அவருக்குப் பெருநாள் முடிந்தே போயிருக்கும், விடியற்காலையிலேயே தொழுதுவிட்டு வந்து, ஒரே ரூமில் அடைந்து கிடக்கிற ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து பிரியாணி என்ற பெயரில் எதையோ கிண்டி, சாப்பிட்டு, ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருப்பார்கள், நான் என்னடாவென்றால் இங்கே பம்மலில், மொட்டைமாடியில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நிற்கிறேன். ஒரே நிலாதான். ஆனால் புருஷனுக்கு இன்றைக்குப் பெருநாள், பெண்டாட்டிக்கு இன்றைக்கு நோன்பு. ஜாபர் சவுதிக்கு, தம்மாமுக்குப் போன வருஷத்திலிருந்து இதே கதை, அங்கே ஒருநாள் முன்னால் பிறை வந்துவிடும், இங்கே ஒருநாள் பின்னால், அவர் புதுச் சட்டை போடும்போது நான் பசியோடு இருப்பேன், நான் புதுச் சேலை கட்டும்போது அவருக்கு எல்லாம் ஆறிப்போயிருக்கும். இதற்கெல்லாம் யாரைக் கோபித்துக்கொள்வது, நிலாவையா, பூமியையா, விசா கொடுத்தவனையா? பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள், பக்கத்திலிருக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிறவள், நானே இப்படிக் கேட்டால் எப்படி. கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இன்றைக்கு அவர் போன் பண்ணுவார். பெருநாளைக்குப் பண்ணுவது வழக்கம்தான், ஆனால் இந்தத் தடவை வாழ்த்து சொல்ல மட்டும் இல்லை, என்னிடம் ஒரு பதில் வாங்க. வா என்பதா, இரு என்பதா. அங்கே மாலை அசர் தொழுகை முடிந்ததும் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அது இங்கே நோன்பு திறக்கிற நேரம், பிறை பார்க்கிற நேரம், எல்லாம் ஒன்றாக வந்து தொலைகிறது. மகள் ஜஹீராவைப் பக்கத்து வீட்டு சவுரிமுத்து சார் வீட்டில் போன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஏது போன், எழுதிக்கொடுத்து எத்தனையோ வருஷம், இன்னும் வரிசை வரவில்லை, அவர் வீட்டு நம்பர்தான் எங்களுக்கு பி.பி. நம்பர், இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கும் அதுதான்.

போன மாதம் கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த கேசட்டில் ஜாபர் பேசி அனுப்பியது அப்படியே காதில் இருக்கிறது. காண்ட்ராக்ட் முடியுது ஜெய்னப், இன்னொரு வாட்டி கையெழுத்து போட்டா நாலு வருஷத்துக்கு எழுந்திருக்க முடியாது, நீ வான்னா வந்துடறேன், இருன்னா இருக்கேன், பெருநாளைக்கு போன் பண்றேன், அப்ப சொல்லு. பின்னால் அந்த ஏசியின் உறுமல். நான் தம்மாமைப் பார்த்ததில்லை, எனக்குத் தம்மாம் என்றால் அந்த உறுமல்தான், ஒரு கேசட்டில் நடுவே அங்கே கரண்ட் போய் உறுமல் நின்றுவிட்டது, பேட்டரியில் டேப் மட்டும் ஓடியிருக்கிறது, அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, புருஷன் மூச்சுக்குப் பயந்த பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். எவ்வளவு அழகாகப் பேசுகிறார் அந்தக் கேசட்டுகளில்… திக்காமல், திணறாமல், ஜஹீராவுக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கிண்டல், மாமியார் இருந்தவரைக்கும் அவர்களுக்கு ஒரு ஆறுதல். நானும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம், டேப் ரிகார்டரில் என் கட்டைவிரல் எப்போதும் டேப்பை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனிலேயே இருக்கும், மாமியார் இருமினால் அமுக்குவேன், தண்ணிக்குத் தெருவில் சண்டை வந்தால் அமுக்குவேன், தொண்டை அடைத்தால் அமுக்கிவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, திரும்ப எடுப்பேன். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் தலைக்கு மேலே பிளேன் போய்க்கொண்டே இருக்கும், அதற்கும் அமுக்குவேன். ஒரு லீவில் வந்து இறங்கிய அன்றைக்கே அவர் கேட்டார், இப்பல்லாம் நம்ம தெரு மேல பிளேன் போறதில்லயா என்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வானத்தையே நிறுத்தி வைத்திருந்தேன் அவருக்காக, பாஸ் பட்டனில். வா என்றுதான் சொல்லப் போகிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எத்தனை வருஷமாக ஏங்கிக் கிடக்கிறேன், தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருந்து அவர் தலை எண்ணெய் வாசம் போகும்வரை முகர்ந்தவள் நான், இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அப்புறம் ஏன் உள்ளங்கை வேர்க்கிறது? பேரீச்சம்பழம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

சூரியன் இன்னும் இருக்கிறது, அனகாபுத்தூர் பக்கம் தென்னை மரங்களுக்கு மேலே ஒரு முழம். மேகம் அதிகம் இல்லை, ஒரே ஒரு நீள மேகம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தோல் கம்பெனி வாடை குப்பென்று வருகிறது, நோன்பு வயிற்றில் அது நன்றாகப் புரட்டும், ஆனால் அவர் லீவில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் மூக்கு நிறைய இழுப்பார், வூட்டு வாசன என்பார், அங்கே போவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி ஒன்றில்தான் மெஷின் மெக்கானிக்காக இருந்தார். எதிர் மாடியில் பையன்கள் இப்போதே ஏறிவிட்டார்கள், ஒருவன் எதையோ பார்த்து அதோ என்கிறான், வெள்ளிக்கிழமை வரைக்கும் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவன், அவனுக்கு எல்லாமே பிறைதான். பிறை இன்றைக்குக் கட்டாயம் தெரியும், எனக்குத் தெரியும், அமாவாசை நேற்று மத்தியானமே கழிந்துவிட்டது, சூரியன் விழுந்த பிறகும் நல்ல உயரத்தில் நிற்கும், இந்த மாதத்தில் சாய்ந்து நிற்காது, தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். அமாவாசையை ஒட்டிய நாள், சூரியனும் நிலாவும் ஒரே பக்கம் நின்று இழுக்கின்றன, திருவான்மியூரில் கடல் இந்நேரம் நன்றாக ஏறியிருக்கும். போன வாரம் வகுப்பில் அந்தப் பாடம்தான். ஜெயக்கொடி என்று ஒரு பெண், பின் பெஞ்சு, எழுந்து கேட்டாள், டீச்சர், நிலா இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் ஏன் டீச்சர் தண்ணி ஏறுது என்று. புத்தகத்தில் இரண்டு பக்கமும் உப்பிய மாதிரி படம் போட்டிருக்கிறானே தவிர, ஏன் என்று ஒரு வரி இல்லை. மூன்று பேரைக் கைகோத்து நிற்க வைத்து மைதானத்தில் ஓடவிட்டேன், முன்னால் நிற்பவள் வேகமாக, நடுவிலிருப்பவள் சுமாராக, பின்னால் இருப்பவள் மெதுவாக. கை இரண்டு பக்கமும் இழுபட்டது. நிலாவுக்குக் கிட்டே இருக்கிற தண்ணியை அது கூடுதலாக இழுக்கும், நடுவில் பூமியைக் கொஞ்சம் குறைவாக, அந்தப் பக்கத் தண்ணியை இன்னும் குறைவாக, நடுவில் நிற்கிறவளிடம் கேட்டுப்பார், முன்னால் இருப்பவள் அவளை விட்டுப் போகிறாள், பின்னால் இருப்பவள் அவளை விட்டு நிற்கிறாள், இழுப்பு என்பதைவிட இழுப்பில் இருக்கிற வித்தியாசம்தான் உடம்பைப் பிய்க்கிறது என்றேன். சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் என்னை இழுக்கிறபோது நான் முழுசாக நகர்ந்தால் தேவலையே, ஒரு பாதி ஏர்போர்ட் வாசலுக்கு ஓடிவிடுகிறது, ஒரு பாதி ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டு, ஜஹீராவுக்கு ஜடை பின்னிக்கொண்டு, இங்கேயே நிற்கிறது.

தண்ணி மட்டும் இல்லை, தரையும் ஏறுகிறது, அதை நான் வகுப்பில் சொல்லவில்லை, சொன்னால் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள். நிலா தலைக்கு மேலே போகும்போது இந்தப் பம்மல், பள்ளிவாசல், மாதா கோயில், தோல் கம்பெனிப் புகைபோக்கி, நான் நிற்கிற இந்த மாடி, எல்லாம் ஒரு சாணுக்கு மேல் எழும்பித் தணிகிறது, தினமும். எல்லாம் சேர்ந்து எழும்புவதால் யாருக்கும் தெரிவதில்லை. என் நிலைமையும் அதுதான் போல, பார்க்கிறவர்களுக்கு ஜெய்னப் டீச்சர் நேரத்துக்கு வருகிறாள், போகிறாள், புருஷன் துபாயிலோ சவுதியிலோ, குறையொன்றும் இல்லை. அதோ ஒரு பிளேன் கிளம்புகிறது… இதே மாடியிலிருந்துதான் பார்ப்பேன், போன தடவை லீவு முடிந்து அவர் கிளம்பியபோதும் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம் என்றுவிட்டார், வந்தா அழுவ, அத்தப் பாத்துகினு நான் உள்ள போவணும் என்றார், அவர் உட்கார்ந்திருந்த பிளேன் எங்கள் வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மேலேயே போனது, கை ஆட்டினேன், வயிற்றைக் காட்டிக்கொண்டு போகிற பிளேனுக்குக் கை ஆட்டுகிறவளைப் பார்த்து எதிர் வீட்டில் சிரித்திருப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. இரண்டு மாசம். அந்த இரண்டு மாசமும் வீட்டில் ஒரு சுடு சொல் இருக்காது, தினமும் கறி, தினமும் பீச், தினமும் சிரிப்பு, எனக்கு ஜுரம் வந்தால்கூட மாத்திரையைப் போட்டுக்கொண்டு பவுடர் பூசிக்கொள்வேன், அவருக்கும் ஏதாவது வலி இருந்திருக்கும், சொன்னதே இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்று ஊர் சொல்கிறது, சேர்ந்திருந்த நாளைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. வியாழனைச் சுற்றுகிற ஒரு நிலா இருக்கிறது, அது சுற்றும்போது வியாழனுக்குக் கொஞ்சம் கிட்டே வரும், கொஞ்சம் விலகும், திரும்ப வரும், ஒரேயடியாகக் கிட்டே இருந்தால் அமைதியாகிவிடும், ஒரேயடியாக விலகினாலும் அமைதியாகிவிடும், இந்த வருவதும் போவதும்தான் அதைப் பரோட்டா மாவு மாதிரி பிசைந்து பிசைந்து உள்ளே கொதிக்க வைத்து, மலை மலையாக நெருப்பைக் கக்கவைக்கிறது. அவர் போன பிறகு முதல் மாசம் நான் ஜஹீராவை அடிக்காத நாளில்லை. அதற்கப்புறம் சரியாகிவிடுவேன். சரியாகி, பழகி, தனியாகத் தூங்கத் தெரிந்துகொண்டு, கட்டிலில் நடுவில் படுக்க ஆரம்பித்து… அப்போது திரும்ப வருவார்.

பாங்கு.

பிஸ்மில்லா சொல்லிப் பழத்தை வாயில் போட்டேன், அப்பாடா, எவ்வளவு இனிப்பு, கண்ணில் தண்ணி வந்துவிட்டது, சொம்பிலிருந்து மடக் மடக்கென்று இரண்டு வாய். கீழே தூக்குச் சட்டியில் பள்ளிவாசல் கஞ்சி இருக்கிறது, இருக்கட்டும், முதலில் பிறை. வெளிச்சம் இன்னும் அதிகம், கண் கூசுகிறது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். கல்யாணம் ஆன முதல் வருஷம் இதே இடத்தில் நின்றோம். மாமியார்தான் சொன்னார்கள், பெருநாள் பிறை பார்த்த கண்ணால முதல்ல ஒரு நல்ல முகத்தப் பாக்கணும், அப்பதான் வருஷம் நல்லா இருக்கும் என்று. எங்கள் அம்மா வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை, இவர்கள் வீட்டில் மட்டும் அப்படி. பிறையைப் பார்த்ததும் எல்லாரும் துவா ஓதினார்கள், ஸலாம் சொன்னார்கள், இவர் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு, துணிக் கொடியில் தலையை இடித்துக்கொண்டு நான் நிற்கிற இடத்துக்கு வந்து, என் எதிரே நின்று கண்ணைத் திறந்தார். மாமியார் இருக்கிறார்கள், நாத்தனார் இருக்கிறாள், அத்தனை பேருக்கு நடுவில். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்கடுத்த ரமலானுக்கு அவர் அங்கே. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நான் ஜஹீரா முகத்தைத்தான் பார்க்கிறேன், மூக்கும் தாடையும் அப்படியே அத்தா, ஒரு வகையில் சமாளித்துக்கொண்டேன். நிலாவுக்கே ஒரு முகம்தான். பூமி இழுத்து இழுத்து நிலாவையும் ஒரு பக்கமாக உப்ப வைத்து, உப்பின பக்கத்தைப் பிடித்துக்கொண்டே இருந்து, தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்த அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் போட்டுவிட்டது, கோடிக்கணக்கான வருஷம், கடைசியில் ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டு சுற்று என்று ஆகிவிட்டது. அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ராக்கெட் போய்ப் படம் எடுக்கிற வரைக்கும் எவனுக்கும் தெரியாது. காலேஜ் லைப்ரரியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், இந்தப் பக்கம் தெரிகிற முயல் அந்தப் பக்கம் இல்லை, வெறும் குழி, குழிக்குள் குழி. அந்தப் படத்தைப் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது, பத்தொன்பது வயசு, நிலாவுக்கு இன்னொரு அழகான முகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மேகத்துக்குக் கீழே பார்க்க வேண்டும், தென்னைக்கு மேலே, அந்த இடத்தில்தான்… இன்னும் இல்லை. எதிர் மாடிப் பையன்கள் தப்பான இடத்தில் பார்க்கிறார்கள், சொல்லலாமா, வேண்டாம், ஒவ்வொரு வருஷமும் இந்தத் தெருவில் முதலில் பார்க்கிறவள் நான்தான், அந்தப் பெருமையை விடுவானேன். பேப்பரில் ஒரு செய்தி வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன், இந்த வருஷம் ஜூலையில் ஒரு வால்நட்சத்திரம் வியாழன் மேலே போய் விழப்போகிறதாம். அது முழுசாக இருந்ததுதான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வியாழனுக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டது, கிட்டே இருந்த பக்கத்துக்கு ஒரு இழுப்பு, எட்ட இருந்த பக்கத்துக்கு ஒரு இழுப்பு, இருபது துண்டுக்கு மேல் ஆகி, இப்போது கோத்த மணி மாதிரி வரிசையாகப் போகிறது. அது பலவீனமானது, லேசாக ஒட்டிக்கொண்டிருந்த கல்லும் பனியும், பலமான கல்லாக இருந்தால் தாங்கியிருக்கும். நாங்கள் எது? எட்ட இருந்தவரைக்கும் வாலும் வெளிச்சமுமாகத்தான் இருந்தோம். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பீச் வண்டிக் கூட்டமும் செங்கல்பட்டு வண்டிக் கூட்டமும் எதிரெதிரே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும், யாரும் யார் மேலும் மோதிச் செத்துவிடுவதில்லை, ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒரு பத்துப் பேரை அந்தக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும், அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒரு தடவை ஜஹீரா கையே என் கையை விட்டுப் போய்விட்டது. நட்சத்திரக் கூட்டங்களும் அப்படித்தானாம், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, வால் மாதிரி நட்சத்திரங்களை இழுத்துக்கொண்டு விலகும், விலகினது திரும்ப வரும், கடைசியில் ஒன்றாகிவிடும். ஆனால் முன்பு இருந்த அழகான சுருள் இரண்டுக்குமே இருக்காது, வேறு என்னவோ ஒரு உருவம். இதையெல்லாம் யாரிடம் சொல்வது, வந்துவிட்டால் அவரிடம் சொல்லலாம், கேட்பாரா, கொட்டாவி விடுவாரா, எனக்குத் தெரியவில்லையே… என் புருஷன் கொட்டாவி விட்டு நான் பார்த்ததுண்டா?

"அம்மா, அத்தா போன்!" ஜஹீரா சந்தில் நின்று கத்துகிறாள்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது, நீ போய் மேல பாரு, தென்னை மரத்துக்கு மேல, மேகத்துக்குக் கீழ என்று அவளை மாடிக்குத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன். சவுரிமுத்து சார் ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்திருந்தார், அவரும் அவர் சம்சாரமும் எனக்கு போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்கள், வில்லனை அடித்துக்கொண்டிருந்தாலும் சரி, ரயில்வேயில் இருந்து ரிட்டையரான மனுஷர், தானும் வருஷக்கணக்கில் வேற்றூரில் தனியாகக் கிடந்தவர், அவருக்குத் தெரியும். ரிசீவர் ஜஹீரா கை வியர்வையில் ஈரமாக இருந்தது. நோன்பு திறந்தாயா என்று கேட்டார், பிறை பார்த்தாயா என்று கேட்டார், இன்னும் இல்லை, புள்ளையை மேலே அனுப்பிவிட்டு வந்தேன் என்றேன். அந்த லைனில் ஒரு சனியன், நாம் சொன்னது மேலே சாட்டிலைட்டுக்குப் போய்த் திரும்பி இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் பொறுக்காமல் இன்னொன்றைச் சொல்லிவிடுவோம், அவர் பேச்சின் மேல் என் பேச்சு ஏறிவிடும். அதனால் இரண்டு பேரும் பொறுத்தோம். அப்புறம் அவர் கேட்டார்.

"இன்னா முடிவு பண்ண?"

வந்துடுங்க என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது, கேசட் குரலில், கொஞ்சம் சிரிப்பு கலந்து, ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த அதே ராகத்தில். சொல்லும்போதே பிளேன் வந்துவிட்டது, ஓட்டு வீடு வேறா, ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது, என் கட்டைவிரல் ரிசீவர் மேலே எதையோ தேடி அமுக்கிக்கொண்டிருந்தது, பாஸ் பட்டனைத் தேடுகிறது, பைத்தியக்கார விரல். எதையும் நிறுத்த முடியவில்லை. பிளேன் போய் முடிகிற வரைக்கும் நின்றேன்.

"பிளேனா அது?" என்றார். "நம்ம வூட்டு மேலயா? …நீ சொன்னது கேக்கல, இன்னா சொன்ன?"

திரும்பச் சொல்ல வேண்டும். அதே வார்த்தைதான், ஆனால் அந்த ராகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"வந்துடுங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நான் கேசட்ல பேசுற மாதிரியெல்லாம் இருக்க மாட்டேன். கத்துவேன். சாமானைத் தூக்கிப் போடுவேன். சில நாள் ராத்திரில அழுவேன், ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது."

சொன்னது மேலே போகிறது, வருகிறது, வாசலில் சவுரிமுத்து சார் இருமினார், நான் சொன்னதைக் கேட்டிருப்பார், கேட்கட்டும். ஏசி உறுமல் இல்லை, எங்கோ தெருவில் பூத்தில் நிற்கிறார் போல, ஹாரன் சத்தம், அராபியில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், அவருக்கு அங்கே இன்னும் வெயில். நான் வேறு ஏதோ சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தபோது அவர் குரல் வந்தது, கேசட்டில் கேட்கிற குரல் இல்லை, கட்டையாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தடவித் தடவி எடுக்கிற குரல்.

"எனக்குப் பேச்சே கொறஞ்சி போச்சு ஜெய்னப். நாலு வார்த்த சேந்தாப்ல வராது. கேசட்ல பேசறதெல்லாம்… ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிகினு, நாலஞ்சு வாட்டி சொல்லிப் பாத்துட்டுத்தான் பேசுவேன். வூட்ல வந்து பேசாம குந்திகினு இருந்தா உனக்குப் பேஜாரா இருக்கும்… இப்ப சொல்லு. அப்பவும் வரட்டுமா?"

வாங்க என்றேன். என்றேனா? என்றேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் சொல்லி முடிக்கவும் லைன் கட்டாகவும் சரியாக இருந்தது, அங்கே காசு தீர்ந்துவிட்டது, கொர்ர் என்று ஒரே சத்தம். என் வார்த்தை மேலே போய்க் கீழே இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டுமே, கட்டாவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்குமா, வழியிலேயே நின்றிருக்குமா? ரிசீவரை வைத்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன், அடிக்கும், சில்லறை மாற்றிக்கொண்டு திரும்ப அடிப்பார்… டிவியில் சத்தமில்லாமல் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அடிக்கவில்லை. சவுரிமுத்து சார் வாசலிலிருந்து, "வருவாரும்மா, நீ போய் கஞ்சியக் குடி" என்றார், போன் வரும் என்று சொன்னாரா, ஆள் வருவார் என்று சொன்னாரா, கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்தேன். எங்கள் வீட்டு மாடிப்படியில் ஜஹீரா இறங்கிக்கொண்டிருந்தாள், ஒரு கையால் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி. விழுந்து வைத்தால்… ஆனால் கூப்பிடவில்லை. யாரும் இவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவள் அத்தா செய்ததை நான் கதையாக ஒரு தடவையோ இரண்டு தடவையோ சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். அப்போ பிறை தெரிந்துவிட்டது, இந்த வருஷம் தெருவில் முதலில் பார்த்தவள் இவள். கடைசிப் படியில் போய் நின்றேன், அம்மா, எங்க நிக்கிற என்றாள், இங்கதான் என்றேன், கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, நல்ல முகமாக ஒரு முகத்தைக் காட்ட வேண்டும், வருஷம் முழுவதும் நன்றாக இருக்க வேண்டுமே, ஆனால் அதற்குள் அழுகை முந்திக்கொண்டு, மூக்கு ஒழுகி, என் முகம் எப்படி இருந்ததோ அப்படியேதான் பார்த்தாள். அத்தா ஜாடையில் தாடையைக் கொஞ்சம் தூக்கி, வா, உனக்கும் காட்டுறேன் என்று என் கையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

மேகத்துக்குக் கீழே, தென்னைக்கு மேலே, நான் சொன்ன இடத்திலேயே இருந்தது. நகம் வெட்டிப் போட்ட மாதிரி அவ்வளவுதான், மல்லாந்து, யாரோ ஏறி உட்காரக் காத்திருக்கிற தோணி. வருஷத்துக்கு ஒரு நகம் வளர்கிற அளவு அது நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, நம் கடல் ஏறி இறங்குவதில் பூமி தன் சுழற்சியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறது, அதை வாங்கிக்கொண்டுதான் அது போகிறது, எவ்வளவோ தூரம் போன பிறகும் அந்த ஒரே முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். துவா ஓதினேன். பள்ளிவாசல் பக்கம் வெடி வெடித்தது, எதிர் மாடியிலிருந்து பையன்கள் ஸலாம் சொன்னார்கள், பதில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். வழக்கமாக இந்த இடத்தில் குனிந்து ஜஹீரா முகத்தைப் பார்ப்பேன், இன்றைக்கு ஏனோ குனியவில்லை, அவர் முகத்தை வரவழைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன், முதல் வருஷத்து முகம், கொடியில் இடித்துக்கொண்டு வந்து என் எதிரே கண்ணைத் திறந்த முகம், அதுதான் எப்போதும் வரும். வரவில்லை. மூடிய கண்ணுக்குள் பக்கவாட்டில் ஒருவர் தெரிந்தார், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, டேப் ரிகார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு பேப்பரை வெளிச்சத்துக்குக் காட்டிப் பிடித்தபடி, உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்க்கிறார், தப்பாகிறது, திரும்ப முதலிலிருந்து சொல்கிறார், கன்னம் ஒட்டியிருக்கிறது, காதோரம் நரைத்திருக்கிறது. இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இவரா எனக்கு அந்தக் கதையெல்லாம் சொன்னது, இவரையா நான் வா என்று கூப்பிட்டேன்… ஜஹீரா என் முந்தானையை இழுத்து, "யாரப் பாக்கப் போற, கண்ணத் தொறம்மா" என்றாள். இரு, கொஞ்ச நேரம் என்றேன்.